மருத்துவ நூல் எது? ஆய்வு நூலகத்தின் தெரிவுக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

1

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் கொக்குவில் ஆடியபாதம் வீதியில் அமைந்துள்ளது. 1978ஆம் ஆண்டு தோற்றம் பெற்ற அப்பீடத்தின் நூலகம் பல்கலைக்கழக நூலகத்தின் கிளைகளுள் ஒன்றாகும். தலைமை நூலகம் அயலிலுள்ள திருநெல்வேலி வளாகத்தில் உள்ளது. 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்விக்குரிய கிளை கைதடியிலும், விவசாய பீடத்துக்குரிய கிளை கிளிநொச்சியிலும் இயங்குகின்றன. கற்பிக்கப்படும் இடத்திலே நூலும் இருத்தல் வேண்டும் என்ற அளவில் இவ்வமைப்பு நியாயமானதே. அதனைக் குறை கூறுதல் நமது நோக்கமன்று.

ஆயினும், இப்பிரதேச மக்களின் நோயும் மருத்துவமும் பற்றி ஆராய முற்படும் ஒருவரை மனங்கொண்டு இவ்வமைப்பை நோக்குவோமாயின் சில வினாக்கள் எழுகின்றன. இன்றைய சிகிச்சை முறைகளைக் கூறும் ஆங்கில நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் உரிய இடம் கொக்குவில். சித்த மருத்துவ நூல்களுக்குக் கைதடி. மருத்துவத்தின் சமூக வரலாற்றுக்கும் தமிழ் அறிவியல் நடையின் வரலாற்றுக்கும் திருநெல்வேலி. குடாநாட்டுக் கிணற்று நீரில் உரப் பாவனையால் நைத்திரேற்று மிகுந்தமை பற்றி 1980கள் முதல் நடந்துவரும் ஆய்வுகள் மண்ணியலாகவும் விவசாயமாகவும் கொள்ளப்படின் அவற்றுக்குக் கிளிநொச்சி. நோயாளியின் உடல் ஒன்றாக இருக்க, அவ்வுடலைப் பற்றிய அறிவு நான்கு இடங்களுக்குப் பங்கிடப்படுகின்றது.

அவ்வாறாயின் மருத்துவ நூல் என்பது எது? அதனைத் தீர்மானிப்பவர் யார்? எந்த அளவுகோல் கொண்டு தீர்மானிக்கின்றார்? பெரிய ஆய்வு நூலகம் ஒவ்வொன்றும் இவ்வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே நூல் வாங்கத் தொடங்குகின்றது. விடை எழுத்திலிருக்கலாம், வழக்கத்தில் மாத்திரம் இருக்கலாம். எவ்வாறிருப்பினும் அது நடுநிலையான தொழினுட்ப முடிவு அன்று என்பதும், ஒரு சமூகம் எவருடைய அறிவை அறிவாக ஏற்கின்றது என்பதன் வெளிப்பாடே என்பதும் இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துக்களாகும்.

2

மருத்துவ நூற்சேகரிப்பை ஒரு கொள்கையாக வளர்த்தெடுத்த நிறுவனங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய மருத்துவ நூலகம் முதன்மையானது. 1836ஆம் ஆண்டு இராணுவத் தலைமை வைத்தியர் அலுவலகத்தின் சிறு நூற்றொகுதியாகத் தொடங்கிய அது, யோன் ஷோ பில்லிங்ஸ் என்பாரின் பொறுப்பில் பெருநூலகமாக வளர்ந்தது. 1879இல் அவர் தொடக்கிய 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற சுட்டி உலக மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகுத்துக் காட்டியது. 2004 வரை அச்சில் வெளிவந்த அச்சுட்டியின் பணியை இன்று கணினித் தரவுத்தளம் ஆற்றுகின்றது.

அந்நூலகத்தின் சேகரிப்புக் கொள்கையில் இரண்டு அம்சங்கள் கவனத்திற்குரியன. ஒவ்வொரு பொருளிலும் எவ்வளவு ஆழமாகச் சேகரிப்பது என்பது ஒன்று. எவ்வகை எழுத்தைச் சேகரிப்பது என்பது மற்றொன்று. ஆய்வறிஞருக்கும் மருத்துவருக்கும் உரிய நூல்களை இயன்றவரை முழுமையாகத் திரட்டும் அந்நூலகம், பொதுமக்களுக்காக எழுதப்படும் நலவாழ்வு நூல்களைத் தெரிந்தெடுத்தே சேர்க்கின்றது. நாட்டின் காங்கிரஸ் நூலகம் மருத்துவ சிகிச்சை நூல்களைப் பெரும்பாலும் இதற்கே விட்டுவிடுகின்றது. ஒன்று விடுவதை மற்றொன்று எடுக்கும் என்ற நம்பிக்கையிலேயே அங்கு எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு தெளிவுறுத்தப்படல் வேண்டும். செல்வமும் பல பெருநூலகங்களும் உள்ள நாட்டில் ஒரு நூலகம் கைவிடும் நூலை இன்னொரு நூலகம் காக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகம் கைவிடும் தமிழ் மருத்துவ நூலை எவரும் காவாது போதல் கூடும். ஆகவே அங்கு பொருத்தமான தெரிவு விதியை இங்கு அப்படியே பின்பற்றுவது, விதியைப் பின்பற்றி அதன் காரணத்தை மறப்பதாகும்.

சஞ்சிகைகளின் நிலையும் இதனை ஒத்ததே. பிராட்போர்ட் என்பார் 1934இல் எடுத்துக்காட்டியவாறு, ஒரு துறையின் பயனுள்ள கட்டுரைகளிற் பெரும்பகுதி சிறுதொகைச் சஞ்சிகைகளிலே செறிந்திருக்கும். எஞ்சியவை மிகப் பல சஞ்சிகைகளிற் சிதறிக் கிடக்கும். பணம் குறைந்த நூலகம் செறிந்த பகுதியையே வாங்கும். இது சிக்கனமான வழிதான். ஆனால் அச்செறிவு எங்கிருந்து அளக்கப்படுகின்றது என்று கேட்டல் அவசியம். மேற்கு நாடுகளின் ஆய்வு மையங்களிலிருந்து அளக்கும்போது கருப்பகுதியாகத் தோன்றுவது, குடாநாட்டு வைத்தியசாலையிலிருந்து அளக்கும்போது அவ்வாறே தோன்றவேண்டியதில்லை.

சான்றாகப் பாம்புக்கடியைக் கொள்ளலாம். சுருட்டை விரியன் குடாநாட்டில் வாழும் நச்சுப் பாம்புகளுள் ஒன்று. இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்படும் நச்சுமுறி மருந்தோ இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவிற் செய்யப்படுவது. இங்குள்ள பாம்பின் கடிக்கு அம்மருந்து எவ்வாறு பயன்படுகின்றது, எவ்வளவு தேவைப்படுகின்றது என்ற வினாக்களுக்கு உலகப் பெயர் பெற்ற பாடநூல் விடை தருவது அரிது. உள்ளூர் வைத்தியரின் அவதானிப்பும், உள்ளூர் மருத்துவச் சங்கச் சஞ்சிகையின் கட்டுரையும், மாணவரின் ஆய்வேடுமே விடை தருதல் கூடும். அளவுகோல் பிழைபடின் முதலில் வெட்டுண்பவை இவையே.

3

மருத்துவ நூற்றெரிவு தமிழர்க்குப் புதிய விடயமன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பிய மருத்துவ நூல்களைத் தருவித்தார். தன்வந்திரி மகாலில் சுதேச மருந்துகளைச் செய்வித்தார். அனுபவத்திற் கண்ட முறைகளைத் தமிழ்ச் செய்யுளில் எழுதுவித்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் அவை பிற்காலத்திற் சரசுவதி மகால் நூலகத்தால் அச்சேறின. அங்கு நூலகமும் மருந்துச்சாலையும் ஒன்றையொன்று சார்ந்து நின்றன. அது மன்னரின் விருப்பத்தில் தங்கிய ஏற்பாடு என்பதும், மன்னராட்சி மறைந்தபோது மருந்துச்சாலை மறைந்து நூல் மாத்திரம் எஞ்சியது என்பதும் உடன் நினைக்கத்தக்கவை.

ஈழத்தில் இப்பணி வேறு இரு வழிகளில் நடைபெற்றது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு மரபு தொடர்புபடுத்தும் 'பரராசசேகரம்' என்னும் பெருநூலை, ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதல் 1936 வரை ஏழு பாகங்களாகப் பதிப்பித்தார். அந்நூல் பன்னீராயிரம் செய்யுளைக் கொண்டது என்பது வழக்கு. வைத்தியர் வீடுகளிலே தனித்தனியாக இருந்த ஏடுகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கி அச்சிட்ட அப்பணி, ஒரு நூலகம் செய்யவேண்டியதைத் தனிமனிதர் ஒருவர் செய்து முடித்த பணியாகும். சுன்னாகம் வரதராச பண்டிதரின் 'அமுதாகரம்' நஞ்சு வைத்தியத்தைக் கூறுவது. மேலே குறிப்பிட்ட பாம்புக்கடி ஆய்வாளர் அதனைச் சிகிச்சைக்காகப் படிக்கவேண்டியதில்லை. எனினும் இப்பிரதேசத்தார் நச்சுயிர்களை எவ்வாறு இனங்கண்டு வகுத்தனர் என்பதை அறிய அதனைவிட்டு வேறெங்குச் செல்வது?

மற்றைய வழி மானிப்பாயிலே தொடங்கிற்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1860களில் அதனைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கு வேண்டிய பாடநூல்களை அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழாக்கினர். 1867இல் வெளிவந்த 'இரண வைத்தியம்', 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' முதலியன அவற்றுட் சில. கிறீன் 1873இல் நாடு திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும் வரை இப்பணியைக் கைவிடவில்லை. அவருடைய பணியை மறதியிலிருந்து மீட்டுத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் கவிஞர் அம்பி குறிப்பிடத்தக்கவர். அவரது 'கிறீனின் அடிச்சுவடு' 1967இல் வெளிவந்தது.

கிறீனைப் போற்றுவதோடு நாம் அமைதல் ஆகாது. அவருடைய நோக்கில் மதமாற்றமும் மருத்துவமும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. சுதேச வைத்தியத்தை அவர் நோக்கிய விதத்தில் குடியேற்றக் காலத்துக்குரிய மேலாண்மை மனப்பான்மையும் கலந்திருந்தது. அவ்வாறிருந்தும் கிராமத்து மாணவன் தன் மொழியிலேயே உடற்கூற்றினைக் கற்கலாம் என்பதைச் செய்து காட்டியவர் அவரே. ஆங்கிலம் அரச உத்தியோகத்துக்கு வாயிலாக அமைந்தபோது அம்முயற்சிக்குச் சமூக ஆதரவு இல்லாது போயிற்று. ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த மத்தியதர வர்க்கத்துக்குத் தமிழில் மருத்துவம் கற்ற வைத்தியன் தேவைப்படவில்லை. பாடநூல் இறந்தது அதன் நடையின் குறையால் மாத்திரமன்று. அதனைப் படிப்பவனுக்குரிய தொழில் இறந்தமையால் அது இறந்தது.

4

'இரண வைத்தியம்' இன்று எந்த நூலகத்துக்கு உரியது? சத்திர சிகிச்சை நூல் என்பதால் மருத்துவ நூலகத்துக்கு உரியது எனின், அந்நூலகத்தின் விதி உடனே குறுக்கிடும். சிகிச்சை நூல் புதியதாக இருத்தல் வேண்டும். மருந்தின் அளவும் சத்திர முறையும் மாறிவிட்ட பின்னர்ப் பழைய பதிப்பைத் தட்டில் வைத்திருத்தல் மாணவருக்கும் நோயாளிக்கும் ஆபத்தாகும். ஆகவே நல்ல மருத்துவ நூலகர் பழைய பதிப்புக்களை நீக்குகின்றார். அது அவரது கடமை. ஆனால் வரலாற்று நூலகருக்கு நூலின் பழமையே அதன் பெறுமதி. அறிவியல் தமிழின் வளர்ச்சியை ஆராய்பவருக்கு அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும், சுகரணம் உடற்றொழிலியலாகவும் பெயர் மாறிய வழியைக் காட்டும் சான்றுகள் அப்பழைய பதிப்புக்களிலேதான் உள்ளன.

ஒரே நூல், ஒரே விதி, இரு முரணான விளைவுகள். இம்முரண்பாட்டுக்குக் காரணம் நூலில் இல்லை. வாசகர் கேட்கும் வினாவில் உள்ளது. வைத்தியராகிய வாசகர், "இதைக் கொண்டு இன்று சிகிச்சை செய்யலாமா?" என்று கேட்கிறார். ஆய்வாளராகிய வாசகர், "இதைக் கொண்டு எவர், எப்போது, எவ்வாறு சிகிச்சை செய்தனர்?" என்று கேட்கிறார். சேகரிப்புக் கொள்கை இவ்விரு வினாக்களையும் பிரித்தறியாதவிடத்து இரண்டு தவறுகளில் ஒன்று நிகழும். பழையன யாவும் கழிக்கப்படும். அல்லது பழையன யாவும் பயன்படு மருத்துவமாகப் போற்றப்படும்.

இரண்டாவது தவறு நம்மிடையே கவர்ச்சி மிக்கது. சுதேச மருத்துவ நூலைச் சேகரிக்க வேண்டும் என்போரிற் சிலர், அதில் உள்ளவை யாவும் உண்மை என்று நிலைநாட்டுவதற்காகவே அதனைக் கேட்கின்றனர். இரசம், நாகம், பாஷாணம் முதலியன சேரும் மருந்துகளைப் பற்றிய செய்யுளைக் காப்பது வேறு. அம்மருந்தைப் பரிசோதனையின்றி மக்களுக்குப் பரிந்துரைப்பது வேறு. சேகரித்தல் சான்றிதழ் வழங்குதல் ஆகாது. இதனை நூலகம் தெளிவாகக் கூறுமாயின், சுதேச மருத்துவ நூலை அறிவியலுக்கு அஞ்சி ஒதுக்கவேண்டிய தேவையும் இராது.

நூலக அறிவியலில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், தாம் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் மருத்துவத்தின் பல்வேறு முறைமைகளுக்கும் மருத்துவம் என்னும் பொருட்பரப்பினுள்ளேயே இடம் வகுத்தார். சித்தம் அங்கு நாட்டார் நம்பிக்கைகளின் ஓரத்தில் நிற்கவில்லை; மருத்துவ முறைமைகளுள் ஒன்றாகவே நிற்கின்றது. 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் சாரத்தை இவ்வினாவுக்குப் பொருத்திக் கூறின், நூலின் தகுதியை அதன் வாசகரைக் கருதாமல் தீர்மானித்தல் இயலாது என்பதே பெறப்படும்.

5

இதுவரை நூல்களைப் பற்றியே கூறினோம். மருத்துவ அறிவின் பெரும்பகுதி நூலாவதில்லை. நூலான பகுதியும் சமூகத்தின் எல்லாப் பகுதியினரிடமிருந்தும் வந்ததன்று. ஏடு எழுத்தறிந்த குடும்பத்தின் உடைமை. பெரும்பாலும் ஆண்வழியே கைமாறிய உடைமை. பரியாரியாரின் வீட்டில் ஏடு இருந்தது. ஊரின் குழந்தைகளைக் கையேந்திய மருத்துவிச்சியின் வீட்டில் ஏடு இருக்கவில்லை. சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட அப்பெண்களின் அறிவு கையிலும் வாய்மொழியிலும் வாழ்ந்து, அவர்களோடு மறைந்தது. ஏட்டுச் சுவடிகளைச் சேகரிப்பதோடு சுதேச மருத்துவத்தைக் காத்துவிட்டோம் என்று கொள்வோமாயின், பழைய சமூகம் செய்த தெரிவையே நாமும் மீண்டும் செய்தவராவோம். எஞ்சியுள்ள முதியோரின் கூற்றுக்களை ஒலிப்பதிவு செய்வதும் மருத்துவ நூலகத்தின் சேகரிப்பு வேலையே.

இக்காலத்துக்குரிய எழுத்திலும் இதே நிலை காணப்படுகின்றது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம், 'நந்தி' என்ற பெயரில் ஈழத்து முற்போக்கு இலக்கியத்தில் இடம்பெற்றவர். தாய்மை நலம் பற்றி அவர் எழுதிய 'அருமைத் தங்கைக்கு' மருத்துவமும் இலக்கியமும் ஒன்றிய ஆக்கம். ஆய்வறிஞருக்குரிய எழுத்து, பொதுமக்களுக்குரிய எழுத்து என்ற பாகுபாட்டை இயந்திரகதியிற் பிரயோகித்தால் அது இரண்டாம் வகையிற் சேர்ந்து, மாதிரிக்கு ஒன்றாகவோ அதுவுமின்றியோ போகும். ஆனால் சமுதாய மருத்துவத்தின் நோக்கிலே, ஒரு பேராசிரியர் கிராமத்துப் பெண்ணோடு எம்மொழியில் உரையாடினார் என்பதே ஆய்வுப் பொருள்.

போர்க்கால ஆக்கங்கள் இன்னும் நொய்மையானவை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' போன்றவை நூலாக வந்தமையால் நிலைத்தன. 1990களின் பொருளாதாரத் தடையிலும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் மருந்தின்றி நடத்திய சிகிச்சையைப் பற்றிய குறிப்புக்கள், றோணியோ செய்த அறிக்கைகள், தாதியருக்கான தமிழ்க் கைந்நூல்கள், சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றை எந்தச் சுட்டியும் காட்டுவதில்லை. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது தமிழில் வெளிவந்த அறிவித்தல்களைக்கூட இன்று ஒருங்கே காண்பது எளிதன்று. நோயாளரின் விபரம் அடங்கிய பதிவேடுகளை உடனே திறந்துவிடுதல் தகாது. குறித்த காலம் வரை மூடிவைத்துப் பின்னர் ஆய்வுக்கு அளிக்கும் நடைமுறை வேண்டும். ஆனால் மூடிவைப்பதற்கும் முதலில் அவை கையில் இருத்தல் வேண்டும்.

இதனை நாம் கற்பனையாகக் கூறவில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீளப்பெற முடியாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. அச்சு நூலிற் பலவற்றைப் பின்னர் விலைக்கு வாங்க முடிந்தது. சுவடியை வாங்க முடியவில்லை. ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது எப்போதும் இழப்பின் விளிம்பில் இருக்கின்றது என்ற பாடத்தை இப்பிரதேசம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம முயற்சி அப்பாடத்தின் பயன்களுள் ஒன்று எனலாம்.

6

ஆகவே கொக்குவில், கைதடி, திருநெல்வேலி, கிளிநொச்சி ஆகிய நான்கு இடங்களையும் ஒரே மருத்துவ நூற்றொகுதியின் நான்கு அறைகளாகக் கருதும் கொள்கை வேண்டும். கட்டடங்களை இணைப்பது அவசியமன்று. நூற்பட்டியலும் தெரிவுப் பொறுப்பும் இணைதல் அவசியம். ஒரு கிளை கழிக்கும் பதிப்பு குப்பைக்கோ பழைய கடதாசி வியாபாரிக்கோ செல்லுமுன் மற்றைய கிளைகளுக்குக் காட்டப்படுதல் வேண்டும். சிகிச்சைக்கு உரியது, ஆய்வுக்கு உரியது என்ற குறிப்பு நூலுக்கு நூல் பொறிக்கப்படுதல் வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகைகளைக் கணினி வழியே பெறும் வசதி பெருகப் பெருக, மிஞ்சும் பணத்திலும் நேரத்திலும் ஒரு பங்கேனும் வேறெவரும் சேகரியாத உள்ளூர் ஆக்கங்களுக்கு ஒதுக்கப்படுதல் வேண்டும்.

தெரிவுக் குழுவில் மருத்துவப் பேராசிரியருடன் சித்த மருத்துவர், தமிழ்த்துறையினர், சமூகவியலாளர், தாதியர் ஆகியோரும் இடம்பெறுதல் வேண்டும் என்பதையும் நாம் வற்புறுத்துவோம். இதனால் தெரிவு தாமதமாகும் என்பர் சிலர். உண்மை, சிறிது தாமதமாகும். வாங்கப்படும் பாடநூல் ஒரு மாதம் தாமதித்து வருவதால் ஏற்படும் குறை நிவர்த்திக்கத்தக்கது. மழையில் ஒழுகும் வீட்டு இறப்பிற் செருகியிருக்கும் ஏட்டுக்கட்டு அடுத்த மாரிவரை காத்திருக்கும் என்று எவராலும் உறுதி கூறமுடியாது.

எல்லாவற்றையும் சேகரித்தல் எந்த நூலகத்துக்கும் இயலாது. தெரிவு தவிர்க்க முடியாதது. எனவே இழப்பும் தவிர்க்க முடியாதது. ஆனால் எதனை இழக்கின்றோம் என்பதை அறிந்து, காரணத்தை எழுத்தில் வைத்து, அதற்குப் பொறுப்பேற்று இழப்பது ஒரு கொள்கை. அறியாமலே இழப்பது கொள்கையன்று. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஆய்வு நூலகம் முதலாவதைச் செய்யும் கடப்பாடுடையது. அதனை அதனிடம் கேட்கும் கடப்பாடு, அதன் வாசகராகிய நமக்கும் உண்டு.